என் கைராசியும் ஆட்டுக்கல்லில் போன பம்பரும்

வலது கை குழவியில். இடது கையில் மணிக்கட்டு வரைக்கும் உளுந்து மாவு. ஃபாக்டரியில் காலைச் சங்கு ஊத இன்னும் நேரம் இருந்தது. ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுப் பின்பக்கம், துவைக்கிற கல்லுக்கும் முருங்கைமரத்துக்கும் நடுவில், காக்கிச் சட்டை போட்ட நான்கு ஆண்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள்.

ரேஷன் கடையில்கூட அவ்வளவு ஒழுங்காக நிற்கிறவர்கள் இல்லை அவர்கள்.

ஒவ்வொருவர் கையிலும் மடித்த லாட்டரிச் சீட்டு. முதலில் நின்றவர் எதிர்வீட்டு தனபால். ஃபாக்டரியில் என் கணவரோடு ஒரே ஷாப்பில் வேலை. அவர் மனைவி கஸ்தூரி எனக்கு உயிர்த் தோழி.

"அக்கா, ஒரே ஒரு தடவ. சும்மா தொட்டுக் குடுத்தா போதும்."

"கையில மாவு இருக்கு தனபால். சீட்டு கிழிஞ்சிடும்."

"கிழிஞ்சாலும் பரவால்லக்கா. நம்பர் தெரிஞ்சா போதும்."

பின்னால் நின்றவர், "சிஸ்டர், எனக்கு ஆறரைக்கு ட்யூட்டி" என்று அவசரப்படுத்தினார். ஏதோ நான் ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிறவள் மாதிரியும், வேண்டுமென்றே அவரைக் காக்க வைத்த மாதிரியும்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லாட்டரி வாங்குவது மடத்தனம் என்று அந்தக் குவார்ட்டர்ஸ் முழுக்கக் கேட்கும்படி தினமும் கத்திக்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான். ஊரில் வேறு ஆளே இல்லை என்பதுபோல், ராசியான கை என்று அவர்கள் தேடி வந்ததும் என்னிடம்தான்.

ஒரு வாசகியின் கேள்வி

குவார்ட்டர்ஸ் நாட்களைப் பற்றி நான் எழுத ஆரம்பித்ததிலிருந்து கடிதங்கள் வருகின்றன. ஒரு வாசகி கேட்டிருந்தார்: "அம்மா, என் கணவர் தினமும் லாட்டரிச் சீட்டு வாங்குகிறார். கேட்டால், சின்னக் காசுதானே என்கிறார். இது பணத்தைப் புத்திசாலித்தனமாகச் செலவழிப்பதுதானா?"

இல்லை.

பதில் முடிந்தது. இதற்கு ஒரு அத்தியாயம் தேவையில்லை. ஆனால் இந்த ஒரு சொல்லை என் வீட்டுக்காரருக்குப் புரியவைக்க எனக்குப் பல வருஷம் ஆயிற்று. கடைசிவரை புரியவைத்தேனா என்பதும் சந்தேகம்தான். அதனால் சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. என் கணவர் இருதயராஜ் ராணுவ ஃபாக்டரியில் ஃபிட்டர். திண்டுக்கல் பக்கத்துக்காரர். குடி கிடையாது, சிகரெட் கிடையாது, ஞாயிறு பூசையைத் தவறவிட்டதில்லை. சம்பளக் கவரைப் பிரிக்காமல் கொண்டுவந்து என் கையில் தருவார். இப்படி ஒருவரைக் கட்டிக்கொடுத்ததற்காக என் அம்மா மாதா கோவிலுக்கு மெழுகுவத்தி ஏற்றினாள். லாட்டரி இருக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

நான் வீட்டிலேயே தையல் தைத்தேன். ஜாக்கெட், உள்பாவாடை, பிள்ளைகளுக்கு யூனிஃபார்ம். இரண்டு பெண்கள் எங்களுக்கு. குவார்ட்டர்ஸ் வீடு ரிட்டயர் ஆகும்வரைக்கும்தான் நம்முடையது. அதற்கப்புறம் தெருதான். அந்த நினைப்பு வந்தால் எனக்குத் தூக்கம் வராது.

திருநின்றவூரில் அரை கிரவுண்டு மனைக்கு நான் தவணை கட்டிக்கொண்டு வந்ததன் காரணம் அதுதான். முள்ளும் ஓணானும் தவிர அங்கே ஒன்றும் இல்லை. ஏரிக்காற்று அடிக்கும். ரயில் சத்தம் தூரத்தில் கேட்கும். எல்லைக்கு நட்டுவைத்த கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவதற்கென்றே மாதம் ஒருதரம் ரயிலேறிப் போவேன். இது என் இடம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு அந்தக் கல் வேண்டியிருந்தது.

குக்கர் அடித்த கை

அந்த ராசி என் கைக்கு எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

ஸ்டேஷன் ரோட்டில் துரை என்று ஒரு லாட்டரிக்காரர். பட்டாபிராம் ஆள். சைக்கிளில் பாட்டரியும் கூம்பு ஸ்பீக்கரும் கட்டியிருப்பார். ஹாண்டில்பாரிலிருந்து கேரியர் வரைக்கும் கயிறு கட்டி, துணி உலர்த்துகிற க்ளிப் போட்டுச் சீட்டுகளைத் தொங்கவிட்டிருப்பார். எந்தெந்த மாநிலமோ, எந்தெந்த மலைநாடோ, எல்லாருடைய அதிர்ஷ்டமும் அந்தச் சைக்கிளில் ஆடிக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் சாயந்திரம் லைனிங் துணியும் நூலும் வாங்கிக்கொண்டு வந்தேன். கூட வந்த என் கணவர் சின்னவளைத் தூக்கிக்கொண்டிருந்தார். இரண்டு கையும் பிள்ளையில். ஆனாலும் சைக்கிளைக் கண்டதும் கால் நின்றுவிட்டது.

"ஸ்டெல்லா, நீயே ஒண்ணு உருவு."

"எனக்கு வேற வேல இல்ல?"

"பிள்ள தூங்குது. கைய எடுத்தா முழிச்சுக்கும். சும்மா உருவேன்."

நடுத்தெருவில் சண்டை வேண்டாம் என்று கைக்கு வந்ததை உருவினேன். அதற்கு ஏதோ ஒரு நடுவாந்தரப் பரிசு விழுந்தது. ஒரு பிரஷர் குக்கர் வாங்குகிற அளவுக்குப் பணம். குக்கரும் வாங்கினோம்.

அதிலிருந்து அந்தக் குக்கர் ஒவ்வொரு முறை விசில் அடிக்கும்போதும், "கேளு, உன் கைராசி கூவுது" என்பார். காலையிலும் சொல்வார். ராத்திரியிலும் சொல்வார். பருப்பு வேகாத நாளில் மூன்று விசில் அதிகமாக விடவேண்டி வந்தால் மூன்று தரம் அதிகமாகச் சொல்வார்.

"இதுவரைக்கும் நீங்க சீட்டுல விட்ட காசுக்கு நாலு குக்கர் வாங்கியிருக்கலாம்" என்றேன்.

"அது செலவு ஸ்டெல்லா. இது பரிசு."

இந்த மனிதரிடம் என்ன பேசுவது, சொல்லுங்கள்.

அத்தோடு போயிற்றா? மறுநாளே துரையின் ஸ்பீக்கரில் என் பெயர். "வா நைனா, வா! ஃபாக்டரி குவார்ட்டர்ஸ் ஸ்டெல்லா சிஸ்டர் கையால எட்த்த சீட்டு! குக்கர் அட்ச்ச சீட்டு! நாளிக்குக் குலுக்கல், இன்னிக்கே வாங்கு!"

போய்ச் சண்டை போட்டேன். துரை கொஞ்சம்கூட அசரவில்லை.

"இன்னா சிஸ்டர், இதுக்குப் போய் கோச்சிக்கிற? நல்ல பேர்தான சொல்லிக்கினு கீறேன்?"

"அவ்வளவு அதிர்ஷ்டமான சீட்டை நீ ஏன் விக்கற? எல்லாத்தையும் நீயே வீட்டுல வச்சுக்க வேண்டியதுதானே?"

"எனக்கு ராசி இல்ல சிஸ்டர்" என்றார், ரொம்ப வருத்தமாக. சுற்றி நின்ற கூட்டம் அவருக்காக உச்சுக்கொட்டியது. என் கேள்வி மட்டும் ஒருவர் காதிலும் விழவில்லை.

ராசியைக் கெடுக்க நான் பட்ட பாடு

அன்றிலிருந்து சம்பளத்துக்கு அடுத்த நாள் காலை என் வீட்டுப் பின்பக்கம் கூட்டம். அதற்கென்று அவர்களே சட்டமும் போட்டுக்கொண்டார்கள். நான் தொடுகிறவரைக்கும் நம்பரைப் பார்க்கக்கூடாது. சீட்டை மடித்தே வாங்கி, மடித்தே கொண்டுவரவேண்டும். தொட்டதும் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அப்புறம்தான் பிரிக்கவேண்டும். இந்தச் சட்டத்தை இயற்றியவர் யார் என்று விசாரித்தேன். என் வீட்டுக்காரர்தான்.

பூந்தமல்லியில் என் அண்ணன் வீட்டுக்குப் போனால் அங்கேயும் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடைக்காரர், "நீங்கதானே அந்தக் குக்கர் அம்மா?" என்று கேட்கிறார். எனக்கு எங்கே முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

சரி, ராசியைக் கெடுத்துவிடுவோம் என்று ஒரு மாதம் இடது கையால் தொட்டுக் கொடுத்தேன். முகத்தையும் கடுகடுவென்று வைத்துக்கொண்டேன். அந்த முறை தனபாலுக்குக் கடைசி எண்ணுக்கான ஆறுதல் பரிசு விழுந்தது. சீட்டு வாங்கிய காசும் கூட ஒரு டீக்காசும்.

"இடது கைக்கே இப்படின்னா!" என்று கண்ணை அகலமாக விரித்தார் தனபால். அடுத்த மாதம் கூட்டம் கூடிவிட்டது.

வேறு வழியில்லாமல் மாதா கோவில் பங்குச் சாமியாரிடம் போனேன். நல்லவர். அடுத்த ஞாயிறே பிரசங்கத்தில் வெளுத்து வாங்கினார். உழைக்காமல் வரும் பணத்துக்கு ஆசைப்படுவது ஆன்மாவுக்குக் கேடு என்றார். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு உள்ளே குளிர்ந்தது.

பூசை முடிந்ததும் அறிவிப்பு: ஆலயத் திருவிழாவை முன்னிட்டு அதிர்ஷ்டக் குலுக்கல், முதல் பரிசு சைக்கிள், ஒவ்வொரு குடும்பமும் ஒரு டிக்கெட் புத்தகமாவது விற்றுத் தரவேண்டும்.

"சாமி, இது மட்டும் என்ன?" என்று கேட்டேன்.

"இது கோவில் கூரைக்கும்மா" என்றார். கொஞ்சம் தயங்கினார். "உன் கை ராசியான கைன்னு சொல்றாங்களே... ரெண்டு புத்தகம் எடுத்துட்டுப் போறியா?"

எடுத்துக்கொண்டு வந்தேன். அன்று சாயந்திரத்துக்குள் இரண்டும் விற்றுத் தீர்ந்தன. ஒருவரிடமும் நான் வாங்கச் சொல்லவில்லை. நான் புத்தகத்தோடு நடந்துபோனதைப் பார்த்ததே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

வராத பணத்துக்கு வந்த சண்டை

என் கணவர் தரப்பையும் சொல்லாவிட்டால் அது நியாயமில்லை. அவரும் இந்தத் தொடரைப் படிக்கிறார், சத்தமாக, வருகிறவர்களுக்கெல்லாம் கேட்கும்படி.

அவர் சொல்வது இதுதான்: "டீ குடிச்சா அஞ்சு நிமிஷம். சினிமா பார்த்தா மூணு மணி நேரம். சீட்டு வாங்கினா குலுக்கல் வரைக்கும் நிம்மதி. மெஷின் முன்னாடி எட்டு மணி நேரம் நிக்கிறவனுக்கு மனசுல நெனச்சுக்க ஏதாவது வேணும்ல?"

இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்று எனக்கு அப்போதே தெரியும். வேலை முடிந்து வருகிற அந்த முகங்களை நான் பார்த்திருக்கிறேன். கிரீஸ் போகாத நகங்கள், இரும்புத்தூள் வாசனை, சாப்பிட்டதும் உட்கார்ந்தபடியே தூக்கம். சீட்டு சட்டைப்பையில் இருக்கிற நாட்களில் மட்டும் என் கணவர் பிள்ளைகளோடு கதை பேசுவார். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்த நிம்மதி எனக்கும் கிடைத்ததா என்று யாராவது கேட்டார்களா?

ஒரு குலுக்கலுக்கு முன்னால், பரிசு விழுந்தால் யாருக்கு என்ன என்று பங்கு போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு இத்தனை பவுன், பெண்களுக்கு இவ்வளவு, கோவிலுக்கு இவ்வளவு. நானும் ஜாக்கெட்டுக்கு ஊக்கு தைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். "தங்கச்சிக்கு ஒரு லட்சம்" என்றார்.

என் ஊசி நின்றது. "எதுக்கு ஒரு லட்சம்? நம்ம கல்யாணத்துல எனக்குப் பழைய புடவை எடுத்துக் குடுத்தவளுக்கா?"

"அவ என் கூடப் பிறந்தவ ஸ்டெல்லா."

"அப்ப நான் யாரு?"

இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. கஸ்தூரி வந்து சமாதானம் பண்ணினாள். "ஏன்டி, ஐம்பதாயிரத்துக்கு ஒத்துக்கயேன்" என்றாள் மனசார. அவள் சொன்னது எவ்வளவு அபத்தம் என்று எனக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. இல்லாத பணத்தில் நானும் பேரம் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். நாத்தனார் பாவம், அருப்புக்கோட்டையில் ஒன்றும் தெரியாமல் தன் பிழைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு அவள் வந்தபோது அவள் முகத்தைப் பார்க்கவே எனக்கு ஒருமாதிரி இருந்தது.

செய்தித்தாளில் சுற்றிய கட்டு

இப்போது அந்த உளுந்து மாவுக் காலைக்கு வருகிறேன்.

முந்தின நாள்தான் ஃபாக்டரியில் போனஸ். தீபாவளி பம்பர் லாட்டரி வந்திருந்த சமயம். துரையின் ஸ்பீக்கர் ஒரு வாரமாக ஓயவில்லை. எனக்கு அதெல்லாம் காதில் விழவே இல்லை. ஏனென்றால் அந்தப் போனஸில்தான் மனையின் கடைசித் தவணையைக் கட்டவேண்டும். அந்த மாதக் கடைசிக்குள் கட்டினால் ரிஜிஸ்ட்ரேஷன். கட்டாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று மனைக்காரர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். கட்டியதில் பாதிகூடத் திரும்பி வராது.

முந்தின ராத்திரி என் கணவர் ஓவர்டைம் முடித்துத் தாமதமாக வந்தார். "கவர் எங்கே?" என்று கேட்டேன். "காலையில தர்றேன்" என்று படுத்துவிட்டார். பிரிக்காத கவரைக் கையில் தருகிற மனிதர் அப்படிச் சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. களைப்பு என்று சமாதானம் பண்ணிக்கொண்டேன்.

காலையில் நான் மாவாட்ட உட்கார்ந்ததும் தனபாலும் மற்றவர்களும் வந்து நின்றார்கள். அவர்களோடு நான் மல்லுக்கு நின்றுகொண்டிருக்கும்போதே என் கணவர் உள்ளேயிருந்து வந்தார். குளித்து, தலைவாரி, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு வந்தார். கையில் செய்தித்தாளில் சுற்றி நூல் கட்டிய ஒரு கட்டு. நூல் என் தையல் பெட்டியிலிருந்து எடுத்தது.

"என்னங்க இது?"

"கோச்சுக்காத. முழுசா கேளு" என்றார்.

அதற்குமேல் கேட்கவேண்டியிருக்கவில்லை.

"ஒரே ஒரு சீட்டுக்குக் குக்கர் வந்துச்சு. இது ஒரு கட்டு ஸ்டெல்லா. எல்லாம் பம்பர். நம்பர்கூட நான் பாக்கல. துரை கண்ண மூடிக்கிட்டு அப்படியே சுத்திக் குடுத்தான். நீ ஒருதடவ கைல வாங்கினா போதும். மனை என்ன, அந்தத் தெருவையே வாங்கிடலாம்."

"போனஸ்ல மிச்சம் எவ்வளவு இருக்கு?"

அவர் முருங்கைமரத்தைப் பார்த்தார்.

"தவணைக்கு இருக்கா, இல்லையா?"

"பம்பர் வந்தா..."

"இருக்கா, இல்லையா?"

"இல்ல."

எங்கேயோ ஒரு வீட்டில் ரேடியோ பக்திப் பாட்டு பாடிக்கொண்டிருந்தது. எனக்கு அந்த நட்ட கல்தான் கண்ணுக்குள் வந்தது. அதன் தலையில் அடித்திருந்த மஞ்சள் பெயின்ட், சுற்றி முளைத்திருந்த நெருஞ்சி, எல்லாம் வந்தது. எத்தனை ஜாக்கெட் தைத்து அந்தக் கல் வரைக்கும் வந்திருந்தேன்! அழுகை வரும் என்று நினைத்தேன். வந்தது கோபம்தான்.

நான் கத்தவில்லை. "குடுங்க" என்று கையை நீட்டினேன்.

அவர் முகம் மலர்ந்தது. இரண்டு கையாலும் கொடுத்தார். தனபால்கூடச் சிரித்தார். கடைசியில் அக்கா மனசு இறங்கிவிட்டது என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள்.

நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன். செய்தித்தாளை உதறிவிட்டு, கட்டை அப்படியே ஆட்டுக்கல் குழிக்குள் போட்டுக் குழவியைச் சுற்றினேன்.

முதலில் நகரவில்லை. கொஞ்சம் தண்ணீர் தெளித்தேன். அப்புறம் சுற்றியது. பச்சையும் ரோஸும் ஊதாவுமாக மை இறங்கி வெள்ளை மாவில் கலந்தது. ஈரக் காகித வாசனையும் உளுந்து வாசனையும் சேர்ந்து வந்தன. பக்கத்து வீட்டுத் திருமண ஜாக்கெட்டுக்கு லேஸ் வைக்கும்போது எவ்வளவு பொறுமையாகச் செய்வேனோ அவ்வளவு பொறுமையாக, ஓரத்தில் ஒதுங்கியதையெல்லாம் இடது கையால் தள்ளித் தள்ளி ஆட்டினேன்.

"ஐயோ! ஸ்டெல்லா!" என்று அவர் குழிக்குள் கையை விடப் பார்த்தார்.

"கை நசுங்கிடும். எடுங்க."

எடுத்துக்கொண்டார். நான் நிமிர்ந்து வரிசையைப் பார்த்து, "அடுத்தது யாரு?" என்றேன்.

தனபால் சீட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்வாங்கினார். மற்ற மூன்று பேரும் எப்போது போனார்கள் என்று எனக்குத் தெரியாது. சங்கு ஊதுவதற்கு முன்பே அன்று எல்லாரும் ட்யூட்டியில் இருந்தார்கள் என்று கஸ்தூரி சொன்னாள்.

எனக்கு ஒரே ஒரு வருத்தம்தான். நல்ல உளுந்து. முதல் நாள் ராத்திரியே ஊறவைத்தது.

முதல் பரிசு எங்கே?

குலுக்கல் முடிந்து முடிவு வந்தது. குவார்ட்டர்ஸில் யாருக்கும் ஆறுதல் பரிசுகூட இல்லை. ஆனால் துரை சும்மா இருப்பாரா?

"மொத பரிசு நம்ம ஏரியாலதான் வுயுந்துகீது நைனா! ஆனா துட்ட வாங்கிக்க ஒர்த்தனும் வர்ல! யார்கிட்ட கீதுன்னே தெர்ல!"

அம்பத்தூரில் போய் இதையேதான் சொல்வார். பூந்தமல்லியில் போயும் இதையேதான் சொல்வார். அடுத்த குலுக்கல் சீட்டை விற்பதற்கு அது ஒரு வழி. எனக்குத் தெரியும். இரண்டாம் வகுப்பு படித்த என் பெரிய மகளுக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

என் வீட்டுக்காரர் மட்டும் அதைக் கேட்டுவிட்டு வந்து ரொம்ப நேரம் ஆட்டுக்கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார். நம்பர் பார்க்கக்கூடாது என்று சட்டம் போட்டவர் அவர். ஆகவே அந்தக் கட்டில் என்னென்ன நம்பர் இருந்தது என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. முதல் பரிசு அதில் இல்லை என்று என்னால் நிரூபிக்க முடியவில்லை. இருந்தது என்று அவருக்கு நிரூபிக்கவேண்டிய அவசியமே இல்லை.

"விழுந்துச்சு ஸ்டெல்லா. நமக்குத்தான் விழுந்துச்சு. நீ அரைச்சுட்ட."

அதற்கப்புறம் அவர் ஒரு சீட்டு வாங்கவில்லை. ஆம், ஒன்றுகூட இல்லை. என் கணக்குக்கும் கத்தலுக்கும் அசையாதவர், சாமியார் பிரசங்கத்துக்கு ஒரு ஞாயிறு மட்டும் தலைகுனிந்தவர், தானாக நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டேன்.

"ஒருத்தனுக்கு ரெண்டு தடவ முதல் பரிசு விழுமா?"

நான் சந்தோஷப்படவேண்டுமா, சுவரில் முட்டிக்கொள்ளவேண்டுமா? சரியான இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார், முழுக்க முழுக்கத் தப்பான வழியில்.

மனைக்காரர் காலில் விழாத குறையாகக் கேட்டு, பொங்கல் வரைக்கும் அவகாசம் வாங்கினேன். அப்போது நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. குவார்ட்டர்ஸ் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். ஒவ்வொருத்தியும் கையில் இரண்டு மூன்று ஜாக்கெட் துணியோடு. அவசரமே இல்லாத ஜாக்கெட்டுகள், பிள்ளை வளர்ந்தபின் போட வேண்டிய பாவாடைகள். லாட்டரியைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. "இத நீயே தச்சுக் குடு ஸ்டெல்லா" என்பார்கள், கூலியை முன்கூட்டியே வைத்துவிட்டுப் போவார்கள். முதலில் வந்தவள் கஸ்தூரி, தனபாலின் சட்டைப்பையிலிருந்து எடுத்த காசோடு.

கிறிஸ்துமஸும் பொங்கலும் சேர்ந்து வந்த தையல். பாதித் தூக்கத்தில் ஒருநாள் மெஷின் ஊசி என் ஆள்காட்டி விரலில் நகத்தோடு இறங்கிவிட்டது. துணி கறைபடாமல் கையை இழுத்துக்கொண்டதுதான் ஞாபகம். கட்டுப்போட்டுக்கொண்டு தைத்தேன். பொங்கல் கழிந்த வாரம் மனை என் பெயரில் ரிஜிஸ்டர் ஆயிற்று.

இப்படியும் ஒரு கைராசி

தொண்ணூறுகளின் கடைசியில் அங்கே வீடு கட்டிக் குடிபோய்விட்டோம். ஆட்டுக்கல்லையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். கிரைண்டர் வந்த பிறகு எதற்கு என்று எல்லாரும் கேட்டார்கள். இருக்கட்டும் என்றேன்.

குடிவந்த மறுவருஷம் ஸ்கூட்டரில் ஒரு புரோக்கர் வந்தார். சின்ன வயசு, மரியாதையான பையன். எங்கள் வீட்டையும் மனையையும் விற்பதாக இருந்தால் இவ்வளவு கிடைக்கும் என்று ஒரு தொகை சொன்னார். நான் விற்பதாக இல்லை. ஆனால் அந்தத் தொகையைக் கேட்டதும் தையல் மெஷினை நிறுத்திவிட்டேன். அந்தத் தீபாவளி பம்பரின் முதல் பரிசைவிட அது கூடுதல்.

இத்தனை வருஷம் காத்திருந்த நேரம் வந்துவிட்டது என்று நினைத்தேன். என் கணவர் பக்கம் திரும்பினேன்.

"கேட்டீங்களா? இதுதாங்க முதல் பரிசு. சீட்டு வாங்கி வரல. தவணை கட்டி வந்தது. நான் தச்சுத் தச்சுக் கட்டினது."

அவர் என்னைப் பார்த்தார். கண்ணில் ஈரம்கூடத் தெரிந்தது. புரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அவர் புரோக்கரிடம் திரும்பி, "நான் அப்பவே சொன்னேன் தம்பி. எல்லாம் இவ கைராசி" என்றார்.

"ராசியா?" என்றேன். குரல் உடைந்துவிட்டது. ஊசி இறங்கிய விரலை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். நகம் இன்னும் இரண்டாகப் பிளந்துதான் வளர்கிறது. "இது ராசியாங்க? இதைப் பார்த்துட்டுச் சொல்லுங்க."

அவர் அந்த விரலைப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதை மெதுவாகக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், அந்தக் காலத்தில் சீட்டை ஒற்றிக்கொள்வாரே, அதே மாதிரி. கையை இழுத்துக்கொள்ளவேண்டும் என்று எனக்கு ஆத்திரம். இழுக்கவும் மனம் வரவில்லை.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த புரோக்கர் தொண்டையைச் செருமினார். சட்டைப்பைக்குள் கையை விட்டு, மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார்.

"அம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. நாளைக்குக் குலுக்கல். ஒரே ஒரு தடவ தொட்டுக் குடுத்தீங்கன்னா..."

"குடுங்க" என்று எழுந்து கையை நீட்டினேன். பின்பக்கக் கதவு திறந்துதான் இருந்தது. ஆட்டுக்கல் அங்கிருந்தே தெரிந்தது.

என் கணவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பாய்ந்து எழுந்தார். "தம்பி, குடுக்காதீங்க! உள்ள வைங்க சீட்ட! இவ அரைச்சுடுவா!"

என் கையைப் பற்றி அந்த மனிதர் வாழ்நாளில் சரியாகச் சொன்னது அது ஒன்றுதான்.